சுவையிழந்த நா

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை மாணவர்க்கு நடத்தும் ஆசிரியர், ஓரிடத்தில் சற்றே நின்றுதான் மேலே செல்வர். மதுரைப் புறத்தே ஆயர் சேரியில், மாதரி அளித்த மனையில், கண்ணகி தன் கையால் அடிசில் ஆக்கிக் கோவலனுக்குப் படைக்கிறாள். அவன் உண்டு முடித்தபின் வெற்றிலையும் பாக்கும் எடுத்துக் கொடுக்கிறாள். அவள் கையால் அவன் பெற்ற இறுதி உணவும் அதுவே, இறுதித் தாம்பூலமும் அதுவே. உண்ட நிறைவு வெற்றிலையில் வந்து முடியும் வழக்கம் நம்மிடையே எத்துணைப் பழமையானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அவ்வழக்கம் கடல் கடந்து மலாக்காவின் தோட்டப்புறங்களுக்கும் வந்தது. இங்கு அது சிலர் வாயில் நோயாக விளைந்தது. அந்நோயைத் தீர்க்க வந்த கதிர்ச்சிகிச்சை பலரின் உயிரைக் காத்தது. காத்த கையோடு அவர்தம் நாவிலிருந்து சுவையை எடுத்துக்கொண்டது. இம்மூன்றையும் ஒரே வரலாறாக எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் கூலியைப் பற்றியும் குடியேற்றத்தைப் பற்றியும் பள்ளி, கோயில், தொழிற்சங்கம் ஆகியவற்றைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். நாவைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

தமிழ்த் தொழிலாளர் வந்திறங்கியபோது மலாக்காவுக்கு வெற்றிலை புதியதன்று. மலாய்க்காரர் வெற்றிலையைச் சீரே என்பர்; பாக்கைப் பினாங் என்பர். பினாங்குத் தீவு பெயர் பெற்றதே பாக்கு மரத்தால்தான். மலாய்த் திருமணங்களில் வெற்றிலைத் தட்டு இன்றும் மரியாதையின் அடையாளம். மலாக்காச் செட்டி மக்களும், பாபா நோன்யா எனப்படும் சீன வழியினரும் அதே மரியாதையைத் தம் சடங்குகளில் காத்து வந்துள்ளனர். அயல்நாட்டில் கால் வைத்த ஏழைத் தமிழனுக்கு அடையாளம் தெரிந்த பொருள்களுள் வெற்றிலையும் ஒன்றாயிருந்திருக்கும்.

எனினும், மெல்லும் முறையில் ஒரு வேறுபாடு இருந்தது. மலாய்க்காரர் பாக்கு, சுண்ணாம்புடன் காம்பிர் என்னும் துவர்ப்புச் சாற்றுக் கட்டியைச் சேர்ப்பர். நம்மவர் பெரும்பாலும் புகையிலையைச் சேர்த்தனர். கண்ணகி கொடுத்த தாம்பூலத்தில் புகையிலை இருந்திருக்க வழியில்லை. அஃது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய ஆண்டு 1511. அந்த நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் புகையிலையைக் கீழ்த்திசைக்குக் கொண்டுவரத் தொடங்கின. ஆகவே, தொன்மையான தமிழ் வழக்கம் என்று நாம் போற்றிய புகையிலைத் தாம்பூலம் உண்மையில் நானூறு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வயதே உடையது. பாக்கு மட்டும் குற்றமற்றது என்று கருதிவிடவும் கூடாது. அதனைப் பின்னர்க் காண்போம்.

மலாயாவில் இரப்பரை வாணிகப் பயிராக முதன்முதல் நட்ட பெருமை மலாக்காவுக்கு உரியது. டான் சே யான் என்னும் சீன வணிகர் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர்ப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் கண்டார். இரப்பர் பரவப் பரவ ஆள் தேவை பெருகியது. திருச்சி, தஞ்சை, சேலம், வடார்க்காடு, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களுக்குக் கங்காணிகள் சென்று ஆள் திரட்டி வந்தனர். 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை இவ்வருகை ஏறியும் இறங்கியும் தொடர்ந்தது. சாசின், அலோர் காஜா வட்டாரங்களின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியது இவ்வாறே.

அத்தோட்டங்களில் வெற்றிலை விருந்தின் முடிவாக மட்டும் நிற்கவில்லை, வேலையின் துணையாயிற்று. பொழுது விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டும். வயிற்றில் வெறுங்காப்பி மட்டுமே இருக்கும். நிரை நிரையாக மரம் சீவி முடிக்கும்வரை உட்கார நேரமில்லை. பால் ஒட்டிய கையால் எதையும் எடுத்து உண்ணவும் இயலாது. கன்னத்தில் அடக்கிய ஒரு வாய் வெற்றிலை பசியை மறக்கச் செய்தது. அட்டையும் கொசுவும் நிறைந்த பொழுதைக் கடத்தியது. பல்வலிக்கும் மருந்தாக எண்ணப்பட்டது. கடையில் காசில்லாவிட்டாலும் பற்றுக் கணக்கில் கிடைத்தது. பெண்கள் ஆண்களினும் மிகுதியாக மென்றனர். ஆணுக்குக் கள்ளுக்கடை இருந்தது, சுருட்டு இருந்தது. பெண்ணுக்கு ஊர் ஏற்றுக்கொண்ட ஒரே இன்பம் இதுதான். உறங்கும்போதும் கன்னத்தில் அடக்கியபடியே உறங்கிய மூதாட்டியரை நம்முள் பலர் பார்த்திருப்போம்.

இப்பழக்கத்திற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் முதலில் உணர்ந்த இடங்களுள் ஒன்று தமிழ்மண்ணே. அக்காலத் திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூரில், இலண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் பெண்டால் 1908இல் 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். பிலிப்பைன்சில் டேவிஸ் என்பார் 1915இல் அந்நாட்டுத் தாம்பூலத்தின் பெயராலேயே கன்னப் புற்றைக் குறித்து எழுதினார். 1933இல் நெய்யூரின் மற்றொரு மருத்துவரான ஓர், வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றைப் பற்றி விரிவாக ஆராய்ந்து, லான்செட் இதழில் எழுதினார். தாம்பூலம் எங்கு அடக்கப்படுகிறதோ அங்கேயே புண் தோன்றுகிறது என்பது கண்ணால் காணக்கூடிய சான்றாயிருந்தது.

மலாயாவில் இவ்வுணர்வு சற்றுப் பிந்தியே வந்தது. அலுவாலியா, டுகிட் என்னும் இருவர் மலாயாவின் புற்றுநோய்களைப் பற்றி 1966இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்விதழில் எழுதினர். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த கே. இராமநாதன் எழுபதுகளில் வாய்ப்புற்றை இனவாரியாக ஆராய்ந்தார். மக்கள் தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரான இந்தியரே இந்நோயாளருள் மிகுந்திருந்தனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோய் விளைப்பது என 1985இல் அறிவித்தது. புகையிலை கலவாத தாம்பூலமும், பாக்கும்கூட அத்தகையனவே என 2004இல் வெளியான அதன் நூல் உறுதி செய்தது. கண்ணகியின் கைத்தாம்பூலமும் முற்றிலும் தீங்கற்றதன்று என்று தமிழாசிரியர் ஒருவர் எழுத நேர்வது வருத்தமே. ஆயினும் உண்மையை எழுதத்தான் வேண்டும்.

இனி மருத்துவத்தைக் காண்போம். ராண்ட்கன் 1895இல் எக்ஸ் கதிரையும், கியூரி தம்பதியர் 1898இல் ரேடியத்தையும் கண்டறிந்த சில ஆண்டுகளிலேயே அவை புற்றுக்கட்டிகளின் மேல் பயன்படுத்தப்பட்டன. ஒரே நாளில் பெருமளவு கதிரைச் செலுத்தாமல், நாள்தோறும் சிறிது சிறிதாகப் பல வாரங்கள் செலுத்தினால் கட்டி அழியும், சுற்றியுள்ள தசை பிழைக்கும் என்ற நெறி 1920களில் பாரிசில் உருவாயிற்று. சென்னையில் பார்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் தோன்றியது. அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் நிறுவினார். தம் தங்கை புற்றுநோயால் மாண்டதை அருகிருந்து கண்ட துயரமே அவரை அப்பணியில் செலுத்தியது. கோபால்ட்டு 60 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு சிகிச்சை செய்யும் முறை 1951இல் கனடாவில் தொடங்கியது. 1957இல் அடையாற்றை அடைந்தது. மலேசியாவில் கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையின் கதிர்ச்சிகிச்சை நிலையம் 1968இல் அமைந்தது.

மலாக்காத் தோட்டத்து நோயாளிக்கு இதன் பொருள் யாதெனில், ஆறு அல்லது ஏழு வாரம் வீட்டை விட்டுக் கோலாலம்பூரில் கிடக்க வேண்டும் என்பதே. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்குச் சில நிமிடம் சிகிச்சை. அச்சில நிமிடத்திற்காகக் கணவனோ மகனோ வேலையிழந்து உடனிருக்க வேண்டும். இரயிலில் செல்வோர் புலாவ் செபாங்கில் உள்ள தம்பின் நிலையத்திற்கு முதலில் போய்ச் சேரவேண்டும். மலாக்கா நகரத்திற்கு ஒரு காலத்தில் கிளைப்பாதை இருந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் பாதைக்குக் கொண்டுசென்றனர். அதே சயாம் பாதையில் மடிந்த தோட்டத்துத் தமிழர் எத்துணை ஆயிரவர் என்பது வேறொரு கட்டுரைக்கு உரிய செய்தி.

என் பெரியம்மா அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர். சாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் மரம் சீவியவர். எழுபதுகளின் பிற்பகுதியில் இடக்கன்னத்துப் புண்ணுக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றார். முதல் இரு வாரமும் அவருக்குப் பெரிய துன்பம் இல்லை. மூன்றாம் வாரம் நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு போடலையாடா?" என்று கேட்டார். உப்பு போட்டிருந்தது. மறுநாள் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தோம். மண்ணைத் தின்பது போலிருக்கிறது என்றார். அதன்பின் கேட்பதை விட்டுவிட்டார், குடிப்பதையும் குறைத்தார்.

இந்நிலைக்கு மருத்துவ நூல்களில் பெயர் ஏற்பட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. தாமே கதிர்ச்சிகிச்சைக்கு உள்ளான மருத்துவர் ஒருவர் 1959இல் லான்செட் இதழில் இதனைப் பற்றி எழுதி, வாய்க்குருடு என்று பொருள்படும் பெயரை இதற்கு இட்டார். கண்ணிழந்தவர் ஒளியைத் தேடுவதுபோல் நாவிழந்தவர் சுவையைத் தேடுகிறார் என்பது எவ்வளவு பொருத்தமான கருத்து! 1973இல் காங்கர் என்னும் ஆய்வாளர் நோயாளரின் நாவினை வாரந்தோறும் சோதித்துப் பார்த்தார். மூன்றாம் வார அளவில், ஏறத்தாழ 30 கிரே கதிர் சென்றபோது, சுவையுணர்வு பெருமளவு வீழ்ந்தது. சிகிச்சை முடிந்து இரண்டு முதல் நான்கு மாதத்தில் அது பெரும்பாலும் திரும்பியது. பெரியம்மா உப்பைக் கேட்டதும் மூன்றாம் வாரமே என்பதைப் பல்லாண்டு கழித்து அக்கட்டுரையின் செய்தியை அறிந்தபோது நினைத்துக்கொண்டேன்.

காரணம் இரண்டு. நாவின் சுவை மொட்டுகளில் உள்ள உயிரணுக்கள் ஏறத்தாழப் பத்து நாளுக்கொருமுறை மாண்டு, புதியன பிறக்கும். விரைந்து பெருகும் உயிரணுக்களைக் கொல்வதே கதிரின் தொழில். அது புற்றணுவை மட்டும் பிரித்தறிவதில்லை. பழையன கழிகின்றன, புதியன புகுவதில்லை. இஃது ஒன்று. மற்றொன்று உமிழ்நீர். உடல்நலம் உடையவர்க்கு நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீரில் கரைந்தாலன்றி எப்பொருளும் சுவை மொட்டினை எட்டாது. கோபால்ட்டுக் காலத்தில் பெரும்பாலும் முகத்தின் இருபுறமிருந்தும் கதிரைச் செலுத்தினர். காதினருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரண்டும் அவ்வழியில் அகப்பட்டுக்கொண்டன. மொட்டுகள் மீண்டும் துளிர்க்கலாம். வறண்ட சுரப்பிகள் பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. அதனால் பலருக்குச் சுவை அரைகுறையாகவே திரும்பியது. வறட்சி வாழ்நாள் முழுதும் நிலைத்தது.

நம்மவர்க்கு இதில் ஒரு தனிக்கொடுமை உண்டு. அறுசுவையுள் கார்ப்பையும் நாம் சேர்த்து எண்ணுகிறோம். ஆனால் மிளகாயின் காரம் சுவை மொட்டின் வழியே உணரப்படுவதன்று. வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளின் வழியே உணரப்படுவது. அவ்வுணர்வுக்குரிய ஏற்பியை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் கண்டறிந்தனர். அவருக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. எனவே கதிருக்கு உட்பட்ட வாயில் இனிப்பும் புளிப்பும் உப்பும் மறைந்த பின்னும் காரம் மட்டும் எஞ்சி நிற்கும். புண்பட்ட வாயில் நெருப்பாய் எரியும். மூக்கு பெரும்பாலும் பழுதுறாமையால் தாளிப்பின் மணம் அடுக்களையிலிருந்து முன்போலவே வந்து அழைக்கும். மணம் அழைக்க, வாய் மறுக்க, காரம் சுட, உண்பவர் என் செய்வார்? ஐந்தாம் சுவையென இக்காலத்தார் கூறும் உமாமியை 1908இல் ஜப்பானியராகிய இக்கேடா இனங்கண்டார். அச்சுவையும் கதிரால் குன்றுகிறது என்று அந்நாட்டு ஆய்வாளரே பின்னர்க் காட்டினர். பெலாச்சான் இட்ட சம்பாலும் சிஞ்சாலோக்கும் கருவாட்டுக் குழம்பும் மலாக்காக்காரருக்கு ருசிப்பது அச்சுவையால்தான். அதுவும் போயிற்று.

இவ்விழப்பு ஏன் நெடுங்காலம் எவராலும் பேசப்படவில்லை? மருத்துவமனையில் மலாய் மொழியில் கேட்டது, வலிக்கிறதா என்ற ஒரு கேள்வி. வலிக்கவில்லை என்றால் அடுத்தவரை அழைத்தனர். சுவை தெரியவில்லை என்று சொல்ல நம் பெண்களுக்கு மலாயும் வாய்க்கவில்லை, துணிவும் வாய்க்கவில்லை. உயிர் தந்தவரிடம் உப்பைப் பற்றி முறையிடலாமா என்ற கூச்சமும் உண்டு. ஏட்டில் எழுதியது, ஐந்தாண்டு பிழைத்தவர் எத்தனை பேர் என்பதே. அக்கணக்கைக் குறைகூறேன், அந்நாளில் அதுவே முதற்கவலையாய் இருத்தல் இயல்பு. ஆனால் நோயாளி உண்ணாமையால் மெலிந்தபோது, அதற்கு மனச்சோர்வு என்றும் பிடிவாதம் என்றும் வீட்டாரே பெயர் வைத்தனர். எங்கள் வீட்டிலும் அப்படியே வைத்தோம். வீடு திரும்பிய பெரியம்மா சமைத்த குழம்பில் ஒருநாள் உப்புக் கரித்தது, மறுநாள் புளி மிகுந்தது. பெரியப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அவர் முரடரல்லர், அறியாதவர். மூன்று மாதத்தில் ஓரளவு திரும்பிவிடும், காத்திருங்கள் என்று எவரேனும் எங்களுக்குத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அத்தட்டு தள்ளப்பட்டிராது.

பின்னர் வந்த மாற்றங்கள் பல. உமிழ்நீர்ச் சுரப்பியை விலக்கிக் கதிரின் செறிவை இடத்துக்கிடம் மாற்றிச் செலுத்தும் முறை தொண்ணூறுகளில் வளர்ந்தது. அம்முறையால் வாய்வறட்சி குறைகிறது என்பதைப் பிரிட்டனில் நடந்த ஓர் ஒப்பாய்வு 2011இல் நிறுவியது. நம் நாட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர், கிளந்தானில் 40 நோயாளரைக் கொண்டு தேனைச் சோதித்தனர். தேன் தடவப்பெற்றோர்க்குக் கடுமையான வாய்ப்புண் குறைந்தது என 2003இல் எழுதினர். எனினும் அது புண்ணுக்கே மருந்து, சுவைக்கன்று. துத்தநாக உப்பு சுவையை மீட்கும் என்ற நம்பிக்கை சிலகாலம் இருந்தது. 2007இல் வெளியான பெரிய சோதனை ஒன்றில் அது வெறும் மாத்திரையினும் சிறந்ததாகக் காணப்படவில்லை. சுகாதார அமைச்சு 1997 முதல் தோட்டப்புறங்களுக்கே பல் மருத்துவரை அனுப்பி, வாயிலுள்ள வெண்படலங்களைத் தொடக்கத்திலேயே கண்டறியும் திட்டத்தை நடத்தியது. தொடக்கத்தில் கண்டால் கத்தி மட்டுமே போதும், கதிர் வேண்டியிராது. புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் 2013இல் இயங்கத் தொடங்கியது. அதற்குள் மலாக்காத் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புத் திடல்களாகவும் மாறிவிட்டன. லயத்து மக்கள் நகரத்து அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தனர். வெற்றிலை மெல்லும் இளைஞரைக் காண்பது அரிதாயிற்று.

பெரியம்மா சிகிச்சைக்குப் பின் 14 ஆண்டுகள் வாழ்ந்தார். முதலில் திரும்பியது இனிப்பு. காப்பியில் சர்க்கரை அதிகம் என்று அவர் கடிந்துகொண்ட நாளை வீட்டார் திருநாளாகக் கொண்டாடினர். உப்பு ஓராண்டு கழித்து ஓரளவு வந்தது. புளிப்பு வரவே இல்லை. ஆனால் சமையலை அவர் எவரிடமும் விடவில்லை. நாக்கு சொல்லாததைக் கை சொல்லட்டும் என்று அளவைகளை வைத்துக்கொண்டார். உப்புக்குத் தேய்த்து வழவழப்பாக்கிய சிறு கொட்டாங்குச்சி. புளி உருண்டைக்கு அளவு பார்க்க ஒரு கோலிக்குண்டு. மிளகாய்த் தூளுக்குப் பழைய மருந்துக் கரண்டி. மருத்துவர் வெற்றிலையை விடச் சொல்லிவிட்டதால் ஊரிலிருந்து அவர் தாய் கொண்டுவந்த பித்தளைச் செல்லம் வெறுமையாய்க் கிடந்தது. அளவைகள் மூன்றையும் அதில்தான் வைத்திருந்தார். சமைக்குமுன் அதன் மூடியைத் திறக்கும் ஓசை கேட்டால், பெரியப்பா திண்ணையிலிருந்து எழுந்து கைகழுவப் போவார்.